தலைமுடியளவு கீறல்

எங்கள் ஆய்வகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. விரிசலக்கா என்றுதான் கூப்பிடுவோம். கோபமில்லாத நாட்களில் இயக்குநரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

போர் விமானங்களின் உலோகம் எங்கே விரிசல் விடும், அந்த விரிசல் எவ்வளவு வேகமாக வளரும், எந்த அளவைத் தாண்டினால் பொருள் பட்டென்று முறியும் என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை. உள்ளங்கை அகல அலுமினியத் துண்டில் ஒரு வெட்டுப் போட்டு, இயந்திரத்தின் தாடைகளுக்கு நடுவே மாட்டி, இழுத்துவிட்டு இழுத்துவிட்டு, வெட்டின் நுனியிலிருந்து விரிசல் ஊர்வதைப் பார்த்துக்கொண்டிருப்போம். எங்களுக்கெல்லாம் கொட்டாவி வரும். அக்காவுக்கு வராது.

"ஊசி போட்ட கொழந்த அழறதுக்கு முன்னாடி வாயத் தொறந்துக்கிட்டு அப்படியே நிக்கும் பாத்திருக்கியா? விரிசலும் அப்படித்தான். நின்னுடுச்சுன்னு நெனப்ப. அப்புறம் பாரு" என்பார்.

வீட்டிலும் அதே ஆள்தான். "அம்மா கையில கண்ணாடி டம்ளரக் குடுக்காதீங்க. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்து முடிக்கிறதுக்குள்ள டீ ஆறிடும்" என்று அவருடைய மகள் கேலி செய்வாள்.

ஆய்வக மதிலுக்கு அந்தப் பக்கம் விமானப் பராமரிப்புப் பணிமனை. அங்கே வண்ணப்பூச்சுப் பிரிவின் ஃபோர்மேன் அக்காவின் கணவர். பழைய வண்ணத்தை உரித்து, இறக்கைத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இணைப்புகளில் காய்ந்து கிடக்கும் பசையைச் சுரண்டி எடுத்து, புதுப் பசை வைத்து, புது வண்ணம் அடித்து அனுப்புவது அவருடைய பிரிவின் வேலை. அக்கா புருஷன் என்பதால் எங்களுக்கெல்லாம் அவர் மாமா. மதிய வேளையில் எட்டிப் பார்ப்பார். "நான் ஒட்டிக் குடுக்குறேன், இவ ஒடச்சுப் பாக்குறா. வீட்டுலயும் இதே கததான்" என்று சொல்லிவிட்டு, எங்கள் சாப்பாட்டு டப்பாக்களில் ஆளுக்கொரு வாய் எடுத்துக்கொண்டு போவார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த இடத்தில்தான் ஒரு நாள் காலை அந்தச் செய்தி வந்து விழுந்தது. பயிற்சிக்குப் போன விமானம் ஒன்று தாழ்வாகத் திரும்பும்போது அதன் இடது இறக்கை முறிந்து தனியே பிரிந்துவிட்டது. விமானிக்கு வெளியே குதிக்க நேரமில்லை. வானத்தில் மேகம் இல்லை, காற்று இல்லை, இயந்திரத்தில் கோளாறு இல்லை. ஓடுதளத்தில் நின்றிருந்தவர்கள் இறக்கை மட்டும் காகிதம்போலச் சுழன்றுகொண்டு கீழே வந்ததைப் பார்த்திருக்கிறார்கள்.

அந்த வகை இறக்கை இன்னும் பல வருடங்கள் தாங்கும் என்று சோதித்துச் சொன்னதே நாங்கள்தான். அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "எறக்க எப்படி முறியும்? எப்படி முறியும்?" என்று யாரிடமும் இல்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

சிறிது நேரத்தில் மாமா வந்தார். உள்ளே வராமல் வாசல்படியிலேயே நின்றார்.

"அது என் பிரிவுலருந்து போன விமானம்மா" என்றார். "அந்தப் பைலட் தம்பிதான் வந்து எடுத்துட்டுப் போச்சு. கூட்டுற அம்மா வரைக்கும் எல்லாருக்கும் கை குடுத்துச்சு. அழகா பண்ணியிருக்கீங்க, அழுக்காக்காம ஓட்டுறேன்னு சொல்லிச்சு."

அடக்கத்துக்கும் அவர் போய் வந்தார். அன்று வீட்டில் அவர் தட்டைத் தொடவில்லை என்று அக்கா சொன்னார்.

முறிந்த பகுதி மரப்பெட்டியில் எங்களிடம் வந்தது. விசாரணை அதிகாரி தானே கூட வந்தார். முன்னாள் விமானி, அதிகம் பேசாதவர். உலோகம்தான் மட்டம், வார்ப்பிலேயே ஏதோ கோளாறு என்று ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு தயாராக வைத்திருந்தோம். அக்கா மட்டும் எதுவும் சொல்லாமல் கையுறை மாட்டிக்கொண்டு மின்னணு நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலி என்னுடையது.

முறிந்த பரப்பைப் பார்த்தால், விரிசல் மெல்ல வளர்ந்த இடம் வழவழப்பாக இருக்கும். கடைசியில் ஒரே இழுப்பில் பிய்ந்த இடம் கரடுமுரடாக இருக்கும். வழவழப்பான பகுதியில் மெல்லிய வரிகள் ஓடும். அந்த வரிகளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் விரிசல் பிறந்த இடத்துக்குப் போய்விடலாம். வழக்கமாக அது ஆணி அடித்த ஓட்டையில் போய் முடியும்.

இது ஓட்டையில் முடியவில்லை. இணைப்பின் ஓரத்தில், தகட்டின் மேல்பரப்பில் முடிந்தது. அங்கே இருந்தது ஒற்றை விரிசல் இல்லை. சீப்பின் பற்கள்போலப் பக்கத்தில் பக்கத்தில் ஏராளமான குட்டி விரிசல்கள், எல்லாம் ஒரே நேர்கோட்டில் கிளம்பி, வளர்ந்து, ஒன்றாகச் சேர்ந்து ஒரே பெரிய விரிசலாகியிருந்தன.

"ரூலர் வச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கே" என்றார் அக்கா. துண்டைச் சாய்த்து வைத்துப் பார்த்தார். கோடு தெரிந்தது. தலைமுடியைவிட மெல்லிய ஒரு பள்ளம், அடி கூர்மையாக, இணைப்பின் ஓரமாகவே நீளமாகப் போனது. உலோகத்தில் குறையே இல்லை. அதன்மேல் எஃகு முனை ஒன்று ஓடியிருக்கிறது.

"யாரோ கீறியிருக்காங்க" என்றார். அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

கோட்டின் இடத்தைப் பார்த்ததும் அதிகாரிக்கும் புரிந்துவிட்டது. பசை சுரண்டும் இடம் அது. மூவருமாகப் பணிமனைக்கு நடந்தோம். மாமா பொருள்கிடங்குக்குப் போயிருந்தார். உயரமான அந்தக் கூடத்தில் வண்ணம் உரித்த விமானம் ஒன்று சாம்பல் நிறத்தில் நின்றது. அதன் இறக்கைக்கு அடியில் வேலை செய்துகொண்டிருந்த மூத்த தொழிலாளி அக்காவைப் பார்த்ததும் முகம் மலர எழுந்து வந்தார்.

"பசைய எதால சுரண்டுறீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

அவர் அலமாரியிலிருந்து பிளாஸ்டிக் சுரண்டிகளை எடுத்துக் காட்டினார். பாதி உறையே பிரிக்காமல் இருந்தன. "இதத்தான் பயன்படுத்தணும்னு விதி சார். ஆனா இதால சுரண்டுனா ஒரு எறக்கைய முடிக்கிறதுக்குள்ள எங்க உயிரே போயிடும். அதனால இது." இடுப்புப் பையிலிருந்து இன்னொன்றை உருவினார். தேய்த்துக் கூர்மையாக்கிய எஃகுப் பட்டை, மரக் கைப்பிடி.

அக்கா அதைக் கையில் வாங்கினார். ஆதாரம் கிடைத்துவிட்டதே என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அது வெளுத்துப் போயிருந்தது. கைப்பிடியின் ஒரு முனை பிறைபோலக் கருகியிருந்தது. அந்தக் கருகல்மேல் அவர் கட்டைவிரல் அசையாமல் நின்றது. இன்னொரு கை பக்கத்திலிருந்த ஏணியைத் தேடிப் பிடித்தது.

"நம்ம ஃபோர்மேன் பண்ணிக் குடுத்தது சார்" என்றார் தொழிலாளி பெருமையாக. "முதல்ல பண்ணது இதுதான். இதப் பாத்துத்தான் எல்லாருக்கும் ஒண்ணொண்ணு பண்ணோம். மேடத்துக்குத் தெரியாததா!"

எனக்கு அப்புறம்தான் கதை தெரிந்தது. உடைந்த ரம்ப அலகு ஒன்றை மாமா ஒரு விடுமுறை நாளில் வீட்டுப் பால்கனியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். சத்தம் காதைக் கிழிக்கிறது என்று அக்கா சண்டை போட்டார். பிடிக்கு ஏதாவது கிடைக்குமா என்று மாமா தேடியபோது, உடைந்துபோன காய்கறிக் கத்தியின் பிடியை அக்காவே எடுத்துக் கொடுத்திருக்கிறார். அடுப்புக்குப் பக்கத்தில் மறந்து வைத்துக் கருகிய பிடி. வேலை பாதி நேரத்தில் முடிகிறது என்று பணிமனையில் மாமாவுக்குக் கேடயம் கொடுத்தார்கள். குடும்பத்தோடு போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

கூடத்துக்கு வெளியே வந்ததும் அக்கா நின்றார்.

"சார், இதுக்கு மேல இத நான் தொடக்கூடாது. இதப் பண்ணது என் வீட்டுக்காரர். இந்தக் கைப்பிடி எங்க வீட்டுக் கத்தியோடது."

அதிகாரி அவரையும் சுரண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா சொல்றீங்க?" என்றார்.

அந்த நேரம் பார்த்துத் தலைக்குமேல் இரண்டு விமானங்கள் சேர்ந்து போயின. அதே வகை. அக்கா அண்ணாந்து பார்த்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அன்று கேட்டேன்.

"எறக்கச் சொல்லுங்க சார்! எல்லாத்தையும் எறக்கச் சொல்லுங்க!"

வாசல் காவலர் ஓடிவந்துவிட்டார். அதிகாரி அங்கேயே நின்று தொலைபேசியை எடுத்தார்.

இயக்குநர் அந்த வேலையை அக்காவிடமிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார். அக்கா கண்டது தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் தொடங்கினேன். அதே சுரண்டியால் புதுத் தகட்டில் ஒரு இழுப்பு இழுத்து, நுண்ணோக்கியில் வைத்தேன். முறிந்த இறக்கையில் பார்த்த அதே பள்ளம், அதே கூர்மை. கீறிய துண்டை இயந்திரத்தில் மாட்டினேன். கீறாத துண்டு தாங்கியதில் சிறு பங்கைக்கூட அது தாங்கவில்லை. பட்டென்று முறிந்த சத்தத்தில் நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்டுப் பழகிய சத்தம்தான் அது.

காலையில் மாமாவின் வாக்குமூலத்தை எடுக்கும்வரை வீட்டில் எதுவும் பேச வேண்டாம் என்று அதிகாரி அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று மாலை நடந்ததை அக்கா என்னிடம் வெகு நாள் கழித்துச் சொன்னார்.

அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது மாமா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"எல்லா விமானத்தையும் நிறுத்திட்டாங்களாமே? என்ன கண்டுபிடிச்ச? உலோகத்துல குறையா?"

"கேக்காதீங்க."

"ஒரு வார்த்த சொல்லேன். அந்தத் தம்பி முகம் கண்ணுலயே நிக்குதும்மா."

"சொல்லக்கூடாதுங்க. தயவுசெஞ்சு கேக்காதீங்க."

அவர் உரிப்பதை நிறுத்தினார். "எங்கிட்டயே சொல்லக்கூடாதா? எங்கிட்ட மட்டும் சொல்லக்கூடாதா?"

அக்கா தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவ ஒன்றும் இல்லாமல் கையைக் கழுவிக்கொண்டு நின்றார்.

"எங்க ஆரம்பிச்சுது? ஆணி ஓட்டையிலயா?"

அக்கா குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.

"இணைப்போட ஓரத்துலயா?"

அக்கா திரும்பவில்லை. அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்த மாமாவுக்கு அது போதுமாயிருந்தது. கத்தி மேசையில் விழுந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். வெங்காயம் உரித்த கையாலேயே முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அழவில்லை. "நானா? நானாம்மா?" என்று மட்டும் கேட்டார். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தார். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்த வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் அதிகாரி வருவதற்கு முன்பே மாமா பணிமனை வாசலில் நின்றார். தொழிலாளிகள் ஒவ்வொருவரிடமும் போய் எஃகுச் சுரண்டிகளை வாங்கி ஒரு கோணிப்பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"இதப் பண்ணது நான். பசங்க மேல தப்பில்ல, நான் குடுத்தேன், அவங்க வாங்குனாங்க" என்றார். "என்னைய அப்புறம் என்ன வேணா பண்ணுங்க. எந்தெந்த விமானம், எந்தப் பக்கம், யார் சுரண்டுனதுன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. முதல்ல அதக் காட்டிடுறேன்."

எதையும் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதித்தார்கள். விமானம் விமானமாக அவர் விரலை நீட்டிக் காட்ட, ஆட்கள் வண்ணத்தை மருந்து போட்டுக் கரைத்தார்கள். மின் கருவியைத் தகட்டின்மேல் நகர்த்தி விரிசல் தேடினோம். அவர் காட்டிய விமானங்களில் கீறல் இல்லாதது ஒன்றுகூட இல்லை. பலவற்றில் கீறலோடு சரி. சிலவற்றில் விரிசல் கிளம்பியிருந்தது.

ஒரு விமானத்தில் கருவியின் முள் எகிறியது. இழுத்துக்கொண்டே போனோம், விரிசல் முடியவே இல்லை. நீளத்தைக் குறித்து அக்காவிடம் கொண்டுபோனேன். விசாரணையிலிருந்து விலகியிருந்தாலும் கணக்குப் போட அவரைவிட்டால் ஆள் இல்லை. அவர் போட்ட கணக்கையே மறுபடி போட்டார். பேனாவை வைத்துவிட்டார்.

"அடுத்த தடவ பறக்கும்போதா, அதுக்கடுத்த தடவையான்னுதான் மிச்சம்" என்றார்.

அந்த விமானம் தடையுத்தரவு வந்த நாளுக்கு மறுநாள் காலை பறப்பதாக இருந்திருக்கிறது. பயிற்சியாளர் ஒருவர், மாணவர் ஒருவர். இதைக் கேட்டதும் அதிகாரி அங்கே கிடந்த ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார். மாமா இறக்கைக்கு அடியில் நின்றபடி அந்த இடத்தையே வெறித்துக்கொண்டிருந்தார். யாரோ தோளைத் தொட்டு வெளியே கூட்டிப்போக வேண்டியிருந்தது.

விசாரணையில் அவரிடம் கேட்டார்கள்: விதியில் பிளாஸ்டிக் என்று தெளிவாக இருந்தும் ஏன் மீறினீர்கள்?

"பெயின்ட் கீறிடக்கூடாதுன்னு வச்ச விதின்னு நெனச்சேங்க. பெயின்டத்தான் எப்படியும் உரிக்கப்போறோமே, அப்புறம் என்னன்னு தோணுச்சு. ஏன்னு அதுல போடல. நானும் கேக்கல."

அடுத்து அக்காவைக் கேட்டபோது அவர் எழுந்து நின்று சொன்னது எங்கள் எல்லாருடைய முகத்திலும் அறைந்தது.

"ஒரு சின்னக் கீறல் என்ன பண்ணும்னு ஊர் ஊராப் போய்ப் பேசியிருக்கேன். இத்தன வருஷமா ஒரே மேசையில சாப்பிடுறோம், இவருகிட்ட ஒரு தடவகூடச் சொன்னதில்ல. அது மட்டும் இல்லைங்க. நாங்க சோதிச்ச துண்டெல்லாம் பளபளன்னு இருந்துச்சு. பணிமனைக்குப் போயிட்டு வந்த தகடு எப்படி இருக்கும்னு மதிலத் தாண்டிப் போய்ப் பாக்கணும்னு எங்க யாருக்கும் தோணல."

கேடயம் கொடுத்த மேலதிகாரிக்கு இடமாற்றம். மாமாவின் ஃபோர்மேன் பதவி போய், கிடங்கில் பொருள் எடுத்துக் கொடுக்கும் வேலை. விசாரணையின் கடைசி நாளன்று விமானியின் தந்தை வந்திருந்தார். மாமா அவர் முன்னால் போய்க் கைகூப்பி நின்றார். பேச வாயெடுத்தார். வரவில்லை.

அந்தத் தந்தை சொன்னார்: "நீங்க வேணும்னு பண்ணலன்னு தெரியுது. தெரிஞ்சும் உங்கள என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியல. போயிடுங்க."

மாமா போய்விட்டார். அந்த வார்த்தைக்கு மேல் ஆறுதலாக யாராலும் எதையும் வைக்க முடியவில்லை. அக்கா முயலவும் இல்லை.

அதன்பிறகு அந்த வீட்டில் பேச்சு சுருங்கிப்போனது. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது என்று அக்கா சொன்னார். விடுமுறைக்கு வந்த மகள் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் சண்டையாவது போடுங்களேன், வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றாளாம்.

ஆய்வகத்தில் அக்கா வேறு ஆளாக வேலை செய்தார். பளபளப்பான துண்டுகளை ஒதுக்கிவிட்டு, பணிமனையில் கழித்துப்போட்ட தகடுகளைக் கேட்டு வாங்கினார். எந்த ஆழத்துக் கீறல் எத்தனை பறத்தலில் விரிசலாகும், எந்த இணைப்பில் எது ஆபத்து, எதைத் தேய்த்துச் சரிசெய்யலாம், எதைத் தூக்கி எறிய வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். எல்லா விமானங்களின் ஆயுளையும் மறுபடி கணக்கிட்டோம். இன்று வண்ணப்பூச்சுப் பிரிவில் ஒரு விமானத்தை உரித்தால், வண்ணம் அடிப்பதற்கு முன் ஓரங்களில் கீறல் தேடாமல் விடுவதில்லை. அந்த வகை விமானங்கள் ஓய்வு பெறும்வரை இன்னொரு இறக்கை முறியவில்லை.

கூடவே ஒரு வகுப்பும் தொடங்கினார். பராமரிப்பில் இருக்கும் ஒவ்வொரு தொழிலாளியும் ஒருமுறையாவது ஆய்வகத்துக்கு வர வேண்டும். பாடம் எதுவும் இல்லை. ஒரே மாதிரி இரண்டு பட்டைகள். ஒன்று கீறாதது, ஒன்றில் கண்ணுக்குத் தெரியாத கீறல். இரண்டையும் அவர்கள் கண்முன்னே இயந்திரத்தில் மாட்டுவார். கீறிய பட்டை முறியும்போது பெரிய பெரிய ஆட்கள் பின்னால் நகர்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு முறை கிடங்கு ஆட்களின் முறை வந்தது. கூட்டத்தின் கடைசியில் மாமா நின்றார். விபத்துச் செய்தி வந்த அந்த நாளுக்குப் பிறகு அவர் எங்கள் வாசல்படியை மிதித்ததே இல்லை. அக்கா அவரைப் பார்த்தார், பட்டையை மாட்டினார். அது முறிந்ததும் மாமாவின் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. கூட்டம் கலையப் போகும்போது அவர் கையைத் தூக்கினார்.

"மேடம், கீறல் எவ்வளவு ஆழம் இருந்தா பயப்படணும்?"

வீட்டுக்காரர் தன்னை மேடம் என்றதில் அக்கா ஒரு நொடி தடுமாறினார். "நகத்துல தட்டுப்படலன்னாலும் பயப்படணும்" என்றார்.

மாமா தலையாட்டினார். பிறகு பக்கத்தில் நின்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"இங்க புதுசா வந்தவங்களுக்குத் தெரியாது. அந்த எறக்கைய முறிச்ச சுரண்டியப் பண்ணது நான்தான். நல்லது பண்றதா நெனச்சுத்தான் பண்ணேன். ஏன் பிளாஸ்டிக்குன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா அந்தத் தம்பி இருந்திருக்கும். நீங்க கேளுங்க. முட்டாள்னு நெனச்சாலும் பரவால்ல, கேளுங்க."

கூட்டத்தில் ஒருவர் தயங்கித் தயங்கி, கையிலிருந்த ஒரு திருகாணியைக் காட்டி, இதன் தலையில் ஏன் மஞ்சள் பூச்சு அடிக்கிறார்கள் என்று கேட்டார். அக்கா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மாமாவும் கிட்ட வந்து எட்டிப் பார்த்தார்.